சோளனில் கலப்பின வீரியம்: நம் காணியிலேயே சோடி சேர்த்து விதை எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன பெரும்போகத்தில் வெல்லாவெளிப் பக்கம் மாமா ஒருவரின் சோளன் காணிக்குப் போயிருந்தேன். அதற்கு முந்திய போகம் கடையில் வாங்கிய ஹைப்ரிட் விதையில் அவருக்கு நல்ல விளைச்சல். அதிலே ஆகப் பெரிய கதிர்களாகத் தெரிந்தெடுத்து, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டு, அதையே இந்த முறை விதைத்திருந்தார். பயிர் ஒன்று இடுப்பளவில் நின்றது, பக்கத்தில் நின்றது தலைக்கு மேலே. ஒன்று பூத்து முடித்துவிட்டது, இன்னொன்றில் இன்னும் பூ வரவில்லை. மாமா ஒரு கதிரை உரித்து என் கையில் வைத்தார். பாதிக்கு மணியே இல்லை. "என்ன மருமகன், நல்ல கதிராப் பாத்துத்தானே எடுத்தன். ஏன் இப்பிடிக் கிடக்கு?"

அவர் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுப்பது நம் முன்னோர் காலங்காலமாகச் செய்துவந்த சரியான வேலை. சேனையில் விதைத்த பழைய சோளனுக்கும் குரக்கனுக்கும் அது பொருந்தும். ஹைப்ரிட் சோளனுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது விளங்கினால், அந்த வீரியத்தை நாமே உண்டாக்கவும் முடியும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் காலநிலையையும் காணியையும் வைத்து அதைப் படிப்படியாக எழுதுகிறேன். இந்தியாவில் மக்காச்சோளம் என்று சொல்வதைத்தான் நாம் சோளன் என்கிறோம்.

வீரியம் எங்கிருந்து வருகிறது

சோளன் பயிரில் ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில். காற்று மகரந்தத்தை அடித்துக்கொண்டு போவதால், ஒரு பயிரின் கதிரில் உள்ள மணிகளில் பெரும்பாலானவைக்கு அப்பன் வேறு பயிர். இயற்கையாகவே கலந்து வாழும் பயிர் இது. ஒரு பயிரின் மகரந்தத்தை அதன் கதிருக்கே போட்டு, வரும் விதையை விதைத்து, மறுபடி அப்படியே செய்துகொண்டு போனால் பயிர் போகத்துக்குப் போகம் குட்டையாகி நலிந்துவிடும். ஆனால் அப்படித் தன்னோடு தானே சேர்ந்து ஒரே அச்சாகி நலிந்த இரண்டு பரம்பரைகளை, அதாவது தூய வழிகளை, சோடி சேர்த்தால், பிறக்கும் பிள்ளை தாயையும் தகப்பனையும் விட எத்தனையோ மடங்கு செழிப்பாக எழும்பும். இதைத்தான் கலப்பின வீரியம் என்கிறோம்.

இதை வயலில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்கர் ஜார்ஜ் ஹரிசன் ஷல். 1908இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: சாதாரண சோளன் வயலில் நிற்கும் ஒவ்வொரு பயிரும் ஒரு சிக்கலான கலப்பு. தன்மகரந்தச் சேர்க்கை அந்தக் கலப்பைப் பிரித்துத் தூய வழிகளாக்குகிறது, சோடி சேர்த்தால் வீரியம் திரும்பி வருகிறது. அவர் கணக்கு வைத்தது ஒரு எளிய விடயத்தை வைத்துத்தான். கதிரில் எத்தனை மணி வரிசை இருக்கிறது என்று எண்ணினார். நீங்களும் அடுத்த முறை அவித்த கதிரை வாங்கினால் எண்ணிப் பாருங்கள். 12, 14, 16 என்று இரட்டைப்படையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெண் பூக்கள் சோடி சோடியாகவே உண்டாகின்றன.

வீரியத்துக்குக் காரணம் என்ன என்பதில் இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, ஒவ்வொரு வழியிலும் சில கெட்ட பின்னிடைவுப் பரம்பரையலகுகள் (நல்ல அலகு ஒன்று கூட இருந்தால் வெளியே தெரியாத ஜீன்கள்) இருக்கும். ஒருவரின் குறையை மற்றவரின் ஆட்சியான நல்ல அலகு மூடிவிடும். மற்றது, சில இடங்களில் இரண்டு வேறு வடிவம் சேர்ந்திருப்பதே ஒரே வடிவம் இரண்டு இருப்பதைவிட நல்லது. சோளனில் பெரிய பங்கு முதலாவதுக்கே என்பதுதான் பெரும்பாலான விருத்தியாளர்களின் எண்ணம். நமக்கு வேலை செய்ய அந்த அளவு விளக்கம் போதும்.

மாமாவின் விதை ஏன் கவிழ்ந்தது: ஒரு கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். கைக்கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. தாய் வழி ஹெக்டேயருக்கு 2.0 தொன் தருகிறது, தகப்பன் வழி 2.4 தொன். இரண்டின் சராசரி 2.2. சோடி சேர்த்து வந்த முதல் தலைமுறை 6.0 தொன். வீரியம் என்பது 6.0இலிருந்து 2.2ஐக் கழித்த 3.8 தொன். சராசரியோடு பார்த்தால் ஏறக்குறைய 173 வீதம் கூடுதல்.

இப்போது அந்த முதல் தலைமுறைக் கதிரை விதைக்கு எடுக்கிறோம். ஒரு காணி முழுக்க நிற்கும் பயிர்கள் எல்லாம் பரம்பரையில் ஒரே அச்சு. யார் யாரோடு சேர்ந்தாலும் அது தன்மகரந்தச் சேர்க்கைக்குச் சமம். அதனால் கலப்பில் பாதி போய்விடும், வீரியத்திலும் பாதி போய்விடும். 3.8இல் பாதி 1.9. ஆக, இரண்டாம் தலைமுறை 4.1 தொன். உரம் அதேதான், தண்ணீர் அதேதான், விளைச்சல் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நீங்கள் எவ்வளவு பெரிய கதிரைத் தெரிந்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது, ஏனென்றால் பெரிய கதிருக்குள்ளும் சின்னக் கதிருக்குள்ளும் இருப்பது ஒரே பரம்பரை.

மூன்று வழி சேர்ந்த ஹைப்ரிட்டாக இருந்தால் இழப்பு வீரியத்தில் மூன்றில் ஒன்று, நான்கு வழி சேர்ந்ததாக இருந்தால் நான்கில் ஒன்று. எப்படியோ, வீரியம் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோடி சேர்த்து உண்டாக்க வேண்டியது. சேமித்து வைக்க முடியாதது. சேமிக்க வேண்டியது தாயையும் தகப்பனையும்.

முதல் படி: சோடி தெரிதல்

நம் பக்கத்தில் கலியாணம் பேசும்போது முதலில் கேட்பது என்ன குடி என்றுதான். ஒரே தாய்வழிக் குடிக்குள் பெண் எடுப்பதில்லை. சோளன் விருத்தியாளர்களும் அப்படித்தான் குடி பார்க்கிறார்கள். உறவில் தூரமான இரண்டு கூட்டங்களைக் கண்டுபிடித்து, ஒரு கூட்டத்துத் தாய்க்கு மற்றக் கூட்டத்துத் தகப்பனைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ரீட் மஞ்சள், லங்காஸ்டர் என்று இரண்டு பெரிய கூட்டங்கள் இப்படிப் புகழ் பெற்றவை. ஐரோப்பாவில் கடின மணிச் சோளனையும் பல் போல் குழி விழும் மணிச் சோளனையும் சேர்ப்பது வழக்கம்.

நம் நாட்டில் மகா இலுப்பள்ளத்தில் உள்ள வயற்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பத்ரா, ருவான் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை வர்க்கங்களையும் (காற்றில் தமக்குள் சேர்ந்து, விதை எடுத்து வைக்கக் கூடியவை), சம்பத் போன்ற ஹைப்ரிட்டுகளையும் தந்திருக்கிறது. முதன்முறை செய்பவருக்கு என் ஆலோசனை, ஹைப்ரிட்டைத் தொட வேண்டாம், இரண்டு திறந்த வர்க்கங்களை எடுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, தோற்றமும் மணியும் வித்தியாசமான இரண்டைத் தெரியுங்கள். வீட்டில் வழிவழியாக வைத்திருக்கும் சேனைச் சோளன் இருந்தால் அதுவும் நல்ல சோடி. உள்ளூர் மழைக்கும் மண்ணுக்கும் பழகிய பயிர் அது.

வர்க்கத்தையும் வர்க்கத்தையும் சேர்த்தால் வீரியம் வரும், ஆனால் தூய வழிகளைச் சேர்த்த அளவுக்கு வராது. நல்ல சோடி அமைந்தால் நூற்றுக்குப் பத்து இருபது கூடுதல் கிடைக்கலாம். அதே நேரம் ஒரே போகத்தில் விதை கைக்கு வந்துவிடும், தாய் வர்க்கமும் திடமாக இருப்பதால் விதை நிறையக் கிடைக்கும். தூய வழிப் பாதைக்குக் குறைந்தது மூன்று வருடம் வேண்டும். இரண்டையும் சொல்கிறேன், உங்கள் பொறுமைக்கு ஏற்றதை எடுங்கள்.

இரண்டாம் படி: காலமும் இடமும்

இங்கேதான் வேறு ஊர் வழிகாட்டிகள் நமக்கு உதவாமல் போகும். புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசியிலோ முதல் மழைக்கு விதைத்தால், பூக்கும் காலம் மார்கழி நடுப்பகுதிக்குள் விழும். மட்டக்களப்பில் மழை கொட்டும் காலம் அதுதான். மணி விளைச்சலுக்கு அது சரி. பை கட்டி மகரந்தம் எடுக்கும் வேலைக்கு ஆகாது. கடதாசிப் பை நனைந்து கிழியும், மகரந்தம் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். 2011 தை மாத வெள்ளத்தை மறந்தவர் இங்கே இல்லை, மழை தைக்குள்ளும் நீளும்.

சிறுபோகமும் கை வேலைக்கு அவ்வளவு வசதியில்லை. சித்திரையில் விதைத்தால் ஆனி மாதம் பூக்கும், கச்சான் காற்று சுடச்சுட அடிக்கும் காலம். 35 பாகை செல்சியசுக்கு மேலே போனால் மகரந்தம் சீக்கிரம் சாகும், பெண் பூவின் பட்டு நூலும் காய்ந்துவிடும்.

என் அனுபவத்தில் ஆக நல்லது, தைப்பொங்கல் கழிந்து தை கடைசியில் விதைப்பது. 50 முதல் 55 நாளில், பங்குனியில் பூக்கும். வானம் வெளித்திருக்கும், வெயிலும் இன்னும் உச்சத்துக்கு வந்திராது, கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் இருக்கும். இன்னொரு பெரிய நன்மை, அப்போது சுற்றுவட்டாரத்தில் பூக்கும் சோளன் குறைவு. அந்நிய மகரந்தம் வந்து கலக்கும் பயமும் குறைவு.

இடம் தெரியும்போது வேறு சோளனிலிருந்து குறைந்தது 200 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். தூய வழிக்கு இன்னும் கூட, 400 மீற்றர். அது முடியாவிட்டால் விதைக்கும் நாளில் ஒரு மாத இடைவெளி விடுங்கள். வாவிக்கரையை அண்டிய உவர் மண் வேண்டாம், தண்ணீர் தேங்கும் பள்ளமும் வேண்டாம். ஆறு இலை வரும்வரை சோளனின் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும். நாலு நாள் தண்ணீர் நின்றால் அது அழுகிப் போகும். பிறகு, யானை. வாகரை, கிரான், வவுணதீவு, கஞ்சிகுடிச்சாறு என்று எந்தப் பக்கம் போனாலும் சோளன் வாசனைக்கு யானை வரும். விதைத் துண்டை வீட்டுக்குப் பக்கத்தில், நாய் குரைத்தால் கேட்கும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பை கட்டிச் சேர்த்தல்

ஆக நுட்பமான வேலை இதுதான். ஒருமுறை கையால் செய்துவிட்டால் பிறகு மறக்காது. தேவையானவை: தண்ணீர் ஒட்டாத சின்ன மெழுகுத்தாள் பை, பெரிய பிரவுண் கடதாசிப் பை, பேப்பர் கிளிப், ஸ்டேப்ளர், கத்தி, அழியாத மார்க்கர் பேனை, ஒரு கொப்பி.

பெண் கதிர் இலைக் கக்கத்தில் எட்டிப் பார்க்கும். பட்டு நூல் ஒன்றுகூட வெளியே வராத நேரத்தில் சின்னப் பையை அதன்மேல் கவிழ்த்துவிட வேண்டும். பட்டு வந்த பிறகு மூடினால் பலனில்லை. காற்றில் வந்த மகரந்தம் ஏற்கனவே விழுந்திருக்கும். ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்கு உரியது. நூலுக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் மணி இல்லை. மாமாவின் கதிர் பாதி வெறுமையாக இருந்ததற்கு ஒரு காரணம் இதுதான். பூத்த காலம் பயிருக்குப் பயிர் மாறியதால், கடைசியில் பட்டு விட்ட கதிர்களுக்கு மகரந்தம் மிச்சமில்லை.

பையைத் திறந்து பார்த்து இரண்டு மூன்று அங்குலம் பட்டு வந்ததும், அன்று பின்னேரம் கதிரின் நுனியைக் கத்தியால் ஓர் அங்குலம் அளவு வெட்டி மறுபடி மூடிவிடுங்கள். காலையில் பட்டு எல்லாம் ஒரே மட்டத்தில், சவரத் தூரிகை போல எழும்பி நிற்கும். அதே பின்னேரம் தகப்பன் பயிரின் ஆண் பூவுக்குப் பெரிய பையை மாட்டி, அடியை மடித்துக் கிளிப் போட வேண்டும். முதலே அந்தப் பூவில் ஒட்டியிருந்த வேறு மகரந்தம் விடியுமுன் செத்துவிடும்.

மறுநாள் காலை பனி காய்ந்து எட்டரை ஒன்பதுக்குப் போங்கள். பதினொரு மணிக்குள் வேலை முடிய வேண்டும். தண்டை மெல்ல வளைத்துப் பையை நாலைந்து தரம் தட்டுங்கள். பைக்குள் பார்த்தால் மஞ்சள் மாவு போலக் கிடக்கும், இடையில் வெற்றுக் கூடாக உதிர்ந்த மகரந்தப் பைகளும் கிடக்கும். நல்ல மகரந்தம் தளதளவென்று வெளிர்மஞ்சளாக இருக்கும், பழுத்த மஞ்சளாகித் தூள் கட்டியிருந்தால் அது செத்தது. தாய்ப் பயிருக்குக் கொண்டுபோய், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, சின்னப் பையைக் கழற்றின கையோடு மகரந்தத்தைப் பட்டின்மேல் கொட்டி, அதே பெரிய பையைக் கதிரின்மேல் கவிழ்த்து, தண்டைச் சுற்றி ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். மூன்று நாலு செக்கன்களுக்கு மேல் பட்டு வெளியில் நிற்கக்கூடாது. பையில் தாயின் பெயரை முதலிலும் தகப்பனின் பெயரை அடுத்தும், திகதியோடு எழுதுங்கள். அறுவடை வரை பையை எடுக்க வேண்டாம். ஒரு தகப்பனிலிருந்து இன்னொரு தகப்பனுக்குப் போகுமுன் கையைச் சாராயத்தாலோ ஸ்பிரிட்டாலோ துடைத்துக்கொள்ளுங்கள்.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளை மணிச் சோளன் கிடைத்தால் அதைத் தாயாக வைத்து, மஞ்சள் மணிச் சோளனைத் தகப்பனாக வையுங்கள். மஞ்சள் ஆட்சியானது என்பதால், சேர்ந்த மணி அந்தக் கதிரிலேயே மஞ்சளாக மாறி நிற்கும். பையை உரிக்கும்போது வெள்ளை மணி தெரிந்தால் எங்கோ தாயின் சொந்த மகரந்தம் நுழைந்திருக்கிறது. முதன்முறை செய்த நான் ஒரு கதிரை உரித்தபோது, மஞ்சளுக்கு நடுவே ஏழு வெள்ளை மணிகள் இருந்தன. எண்ணிப் பார்த்து, எந்தக் காலையில் பையை மாற்றத் தாமதித்தேன் என்று கொப்பியில் தேடினேன். ஒரு கதிர் அவ்வளவையும் சொல்லிவிடும்.

நான்காம் படி: தூய வழி எடுப்பவர்களுக்கு

செய்முறை மேலே சொன்னதேதான், ஆனால் மகரந்தம் அதே பயிரிலிருந்து. நூறு பயிரில் தொடங்குங்கள். ஒவ்வொரு தன்சேர்க்கையிலும் கலப்புப் பாதி பாதியாகக் குறையும்: 50 வீதம், 25, 12.5, 6.25, ஆறாம் முறையில் ஏறக்குறைய 1.6. ஆறேழு முறை செய்தால் தூய வழி என்று சொல்லலாம். தண்ணீர் வசதியோடு வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் மூன்று, மூன்றரை வருடம்.

முதல் இரண்டு தலைமுறையில் மனம் உடைந்து விடாதீர்கள். பச்சையமே இல்லாத வெள்ளை நாற்று முளைத்து ஒரு கிழமையில் சாகும். குள்ளன் வரும், கதிரே விடாத பயிர் வரும். ஒளிந்திருந்த குறைகள் வெளியே வருகின்றன, அவற்றைக் கழித்துவிட ஒரு சந்தர்ப்பம் அது. நின்று பிழைத்ததில் வேர் உறுதியானது, நோய் குறைந்தது, ஆண் பூவும் பட்டும் ஒன்றாக வருவது எனத் தெரிந்து கொண்டுபோங்கள். கடைசியில் ஆறு வழி மிஞ்சினால் அவற்றுக்குள் 15 சோடி சேர்க்கலாம். பத்து மிஞ்சினால் 45.

எந்தச் சோடி நல்லது என்று தாய் தகப்பனின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. நோஞ்சானாக நிற்கும் இரண்டு வழி சேர்ந்து அற்புதமான பயிர் தரும். நன்றாக நிற்கும் இரண்டு சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

தூய வழித் தாயில் விதை குறைவாகத்தான் கிடைக்கும். ஷல் காட்டிய வழி பல வருடம் வயலுக்கு வராமல் நின்றதற்கும் அதுவே காரணம். 1917, 18 அளவில் கனெக்டிகட்டில் டொனால்ட் ஜோன்ஸ் இரண்டு ஹைப்ரிட்டுகளை மறுபடி சேர்த்து, நான்கு வழி விதையை மலிவாக எடுக்கும் வழியைக் கண்டார். அதற்குப் பிறகு நடந்தது வேகம். அயோவா மாநிலத்தில் 1935இல் ஹைப்ரிட் விதைத்த பரப்பு பத்து வீதத்துக்கும் குறைவு, 1939இல் தொண்ணூறுக்கு மேல்.

ஐந்தாம் படி: சின்னப் பரீட்சை

சோடிகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் விதையைப் பெருக்க வேண்டாம். ஒவ்வொரு சோடிக்கும் ஐந்து மீற்றர் நீளத்தில் நான்கு வரிசை, வரிசைக்கிடை 60 சென்ரிமீற்றர், பயிருக்கிடை 30. தாயையும் தகப்பனையும், கடையில் விற்கும் ஒரு ஹைப்ரிட்டையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். இந்த முழுத் தொகுப்பையும் காணியில் மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் வரிசை முறையைச் சீட்டுப் போட்டு மாற்றி, திரும்ப நடுங்கள். மேட்டில் நின்ற பயிர் நன்றாக வந்ததா, நல்ல பயிர் நன்றாக வந்ததா என்ற குழப்பம் அப்போதுதான் தீரும். அறுவடையில் ஓர வரிசைகளை விட்டு நடு இரண்டை மட்டும் நிறுங்கள்.

ஈரம் வித்தியாசப்படும் என்பதால் எல்லாவற்றையும் 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு: நடு இரண்டு வரிசை 6 சதுர மீற்றர், கதிர் நிறை 5 கிலோ, மணியின் ஈரம் 24 வீதம். கதிரில் மணி 80 வீதம் என்று எடுத்தால் 4 கிலோ. அதை 76ஆல் (100இல் 24 போக) பெருக்கி 86ஆல் (100இல் 14 போக) வகுத்தால் ஏறக்குறைய 3.53 கிலோ. 10,000 சதுர மீற்றருக்குக் கணக்கிட்டால் 5.9 தொன். ஏக்கருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. ஈரமானி உங்களிடம் இல்லாவிட்டால் மணி வாங்க வரும் வியாபாரிகளிடம் இருக்கும், கேட்டால் பார்த்துத் தருவார்கள்.

சோடி தாய் தகப்பன் சராசரியைத் தாண்டுவது பெரிய விடயமில்லை. இரண்டில் நல்லதைத் தாண்ட வேண்டும். கடை விதையோடு ஒப்பிட்டு, விதைச் செலவையும் கழித்துப் பார்த்த பிறகே முடிவு எடுங்கள். கடை விதை வென்றால் அதையே வாங்குங்கள். அப்படியொரு முடிவுக்கு வந்தாலும் உங்கள் உழைப்பு வீண் இல்லை, பை மேலே எழுதியிருக்கும் விலைக்குள் என்ன வேலை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆறாம் படி: விதைத் துண்டு

கையால் சேர்த்தது பரீட்சைக்கு. காணிக்குப் போதுமான விதை வேண்டுமானால் காற்றையே வேலைக்கு வைக்க வேண்டும். நான்கு வரிசை தாய், இரண்டு வரிசை தகப்பன், மறுபடி நான்கு, இரண்டு. தாய் வரிசையின் ஆண் பூக்களையெல்லாம் மகரந்தம் கொட்டுமுன் பிடுங்கிவிட்டால், தாய்க்குக் கிடைப்பது தகப்பனின் மகரந்தம் மட்டும்தான்.

பிடுங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண் பூ கடைசி இலையை விட்டு மூன்று நாலு சென்ரிமீற்றர் வெளியே வந்ததும், தண்டை ஒரு கையால் பிடித்து மற்றக் கையால் நேராக மேலே இழுங்கள். 'பளக்' என்று வரும். இலையைச் சேர்த்துப் பிய்க்கக்கூடாது. ஒவ்வொரு இலையும் விதையின் நிறை. தினமும் காலையில், ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு, ஞாயிறோ திருவிழாவோ பாராமல் ஒவ்வொரு வரிசையாக நடக்க வேண்டும். ஓர் ஆண் பூவில் இலட்சக்கணக்கில் மகரந்தம் இருக்கிறது. தப்பவிட்ட ஒன்றே பக்கத்துக் கதிர்களைக் கெடுத்துவிடும். எங்கள் பக்கம் பெண்கள் சங்கத்து அக்காமார் இந்த வேலையைச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு பக்கமாகப் போய், மற்றவர் பார்த்த வரிசையை மறுநாள் மாறிப் பார்த்தார்கள். தப்பியது ஒன்றுமில்லை.

தாயில் பட்டு வரும் நேரமும் தகப்பன் மகரந்தம் கொட்டும் நேரமும் பொருந்த வேண்டும். பரீட்சைத் துண்டில் குறித்த நாள்கள் இங்கே உதவும். தகப்பன் ஐந்து நாள் பிந்தினால் ஐந்து நாள் முந்தி விதையுங்கள். சந்தேகமாக இருந்தால் தகப்பனின் ஒரு வரிசையைத் தாயோடும் மற்றதை நாலைந்து நாள் கழித்தும் விதைத்தால் மகரந்தம் நீண்ட நாள் கிடைக்கும். முழங்கால் உயரத்தில் ஒருமுறை, பூக்குமுன் ஒருமுறை காணியைச் சுற்றி, கூட்டத்தோடு சேராத பயிர்களைப் பிடுங்கி எறியுங்கள். மகரந்தம் கொட்டி முடிந்ததும் தகப்பன் வரிசைகளை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடலாம். அப்போது அறுவடையில் மாறிப் போகும் பயமே இல்லை.

கால் ஏக்கர் விதைத் துண்டில் எவ்வளவு கிடைக்கும்? தாய் திறந்த வர்க்கமாக, ஏக்கருக்கு 800 கிலோ தருவதாக வைத்தால் கால் ஏக்கருக்கு 200. அதில் தாய் வரிசை மூன்றில் இரண்டு, அதாவது 130 கிலோ. நுனி மணியையும் அடி மணியையும் கழித்தால் 100 கிலோ மிஞ்சும். ஒரு குழிக்கு ஒரு மணி நட்டால் ஏக்கருக்கு 22,500 மணி, ஏழு கிலோவுக்குள். பதினான்கு ஏக்கருக்குப் போதும். ஒரு கிராமத்துக்குப் பத்துக் குடும்பம் சேர்ந்து கால் ஏக்கர் செய்வது நடக்கிற காரியம். உங்களுக்குள் பயன்படுத்தாமல் பையில் போட்டு விற்பதாக இருந்தால், 2003ஆம் ஆண்டு 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. பதிவும் சான்றும் எடுக்க வேண்டும், விவசாயத் திணைக்களத்தில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வீரியத்தை மணியாக்குதல்

வீரிய விதை பட்டினி கிடந்தால் வெறும் உயரமான பயிராகத்தான் நிற்கும். 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்ட போகத்தில் எத்தனை காணிகளில் அதைப் பார்த்தோம். உர அளவை உங்கள் மண்ணுக்கு ஏற்பப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நான் வற்புறுத்துவது யூரியாவை ஒரே தரத்தில் கொட்டாமல் பிரித்து, பயிர் முழங்கால் தாண்டும் நேரத்தில் பெரிய பங்கைப் போடுவதை. பட்டு வருவதற்கு முன் இரண்டு கிழமை, பின் இரண்டு கிழமை தண்ணீர் ஒருநாளும் குறையக்கூடாது. விளைச்சலைத் தீர்மானிக்கும் நாள்கள் அவை.

நெருக்கமும் முக்கியம். அமெரிக்காவில் 1930களில் ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் இருந்த விளைச்சல் இன்று பத்துத் தொன்னைத் தாண்டியிருக்கிறது. ஒரு பயிரின் கதிர் பூதமாகிவிட்டதால் வந்ததில்லை அது. நெருக்கி நட்டாலும் கதிர் விடும் பயிரைத் தெரிந்து தெரிந்து விருத்தி செய்ததால் வந்தது. ஆகவே பரீட்சையில் ஐதாக நட்டு, பெரிய கதிரைப் பார்த்து மயங்காதீர்கள். நெருக்கத்தில் வெறும் பயிர் எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள்.

படைப்புழு 2018இல் அம்பாறை உட்படப் பல மாவட்டங்களில் புகுந்ததிலிருந்து நம்மோடுதான் இருக்கிறது. முளைத்த இரண்டாம் கிழமையிலிருந்து காலையில் குருத்துக்குள் பாருங்கள். இலையில் கண்ணாடி போல் சுரண்டிய தடம், குருத்தில் ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது. சின்னப் புழுவாக இருக்கும்போது பிடித்தால் வெல்லலாம். பெரிதானதற்குக் குருத்தே கோட்டை.

மணியைக் கழற்றி அடி நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் முற்றிவிட்டது. விதைக்கு எடுப்பதை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காய வைத்து, 12 வீத ஈரத்துக்கு இறக்கி, காற்றுப் புகாத ரின்னில் வையுங்கள்.

எட்டாம் படி: தாயையும் தகப்பனையும் காப்பாற்றுதல்

பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சோடி விதை கிடைத்த மகிழ்ச்சியில் பெற்றோரை மறந்து, அடுத்த வருடம் சேர்க்க ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். தாய் வர்க்கத்துக்கு ஒரு சின்னத் துண்டு, தகப்பனுக்கு வேறொரு துண்டு, ஒன்றுக்கொன்று ஒரு மாத இடைவெளியில். ஒவ்வொன்றிலும் இருநூறு பயிராவது நிற்கட்டும். குறைந்த பயிரில் விதை எடுத்தால் உள்ளுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து வர்க்கம் நலிந்துவிடும். அதில் நூறு நல்ல கதிரைத் தெரிந்து, ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஒரே அளவு மணி எடுத்துக் கலந்து வையுங்கள். தூய வழியாக இருந்தால் பை கட்டித்தான் பெருக்க வேண்டும்.

மாமாவுக்கு இதையெல்லாம் ஒரு பின்னேரம் முழுக்கத் திண்ணையில் இருந்து சொன்னேன். இந்தத் தையில் அவர் வீட்டுக் கிணற்றடியில் இருபது வரிசை விதைத்திருக்கிறார். அடுப்புக்கு மேலே இப்போது தொங்குவது இரண்டு கட்டு. ஒன்றில் சிவப்பு நூல், மற்றதில் வெள்ளை நூல். மாமி அடுப்புப் புகை படிந்த கையோடு எந்தக் கட்டு தாய் என்று எனக்குக் காட்டினார்.